சேம அச்சு

இளங்கலை மூன்றாமாண்டு வகுப்பில் அகநானூற்றின் 384ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது, முல்லைத் திணை. வேந்தன் வேலை முடிந்து வீடு திரும்பிய தலைவன் தேரோட்டி வந்த வலவனைப் பார்த்து வியக்கிறான். தேரில் ஏறியது தெரியும், வந்த வழி தெரியவில்லை என்கிறான். இறங்குங்கள் என்று நீ சொன்ன பிறகே வீடு வந்துவிட்டது எனக்குப் புரிந்தது. காற்றைப் பிடித்துத் தேரில் பூட்டினாயா, உன் மனத்தையே குதிரையாக்கிப் பூட்டினாயா என்று கேட்கிறான். பிறகு வலவனைத் தழுவி வீட்டுக்குள் அழைத்துப் போகிறான். காத்திருந்தவளுக்கு விருந்து கிடைக்கிறது.

ஆண்டுதோறும் நடத்தும் பாடல். வேகத்தைப் பாடிய பெண் கவி என்று நான் மாசாத்தியாரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வது வழக்கம். அன்றும் சொன்னேன். பின்வரிசையில் ஒரு மாணவி கையுயர்த்தினாள்.

"அம்மா, நீங்க கார் ஓட்டுவீங்களா?"

"இல்லம்மா. வீட்ல சார் ஓட்டுவாங்க."

"அப்ப நீங்களும் அந்தத் தலைவன் மாதிரிதான். ஏறுனது தெரியும், வந்த வழி தெரியாது."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் இருபது ஆண்டுகளாக நான் நடத்திவரும் பாடலில் எனக்குத் தெரியாமல் கிடந்த ஒரு வாசலை அவள் திறந்துவிட்டாள். வழி தெரியாமல் வந்து சேர்வது தலைவனுக்கு ஒரு மாலைப்பொழுதின் இன்பம். காதல் மிகுதியால் வந்த மறதி அது. நாளையே அவன் விரும்பினால் வழி கேட்டு, தேர் ஏறிப் புறப்பட முடியும். நானோ மதுரையில் பதினெட்டு ஆண்டுகளாக வாழ்கிறேன்; கோரிப்பாளையத்திலிருந்து தெப்பக்குளத்துக்கு எந்தப் பாலத்தின் வழியாகப் போகிறோம் என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். பேருந்தின் சன்னலோரம், இருசக்கர வண்டியின் பின்னிருக்கை, காரின் இடப்பக்கம் என்று என்னை யாரோ எப்போதும் கொண்டுசேர்த்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த நகரம் பக்கவாட்டில் நகர்ந்த நகரம். முன்பக்கமாக எனக்கு அதைத் தெரியாது.

அந்த மாதமே, 43 வயதில், ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன்.

சங்க இலக்கியத்தில் தேர் எங்கும் ஓடுகிறது. வினைமுற்றி மீளும் தலைவன் பாகனிடம் பேசுவது முல்லையின் பெருந்துறை. நெய்தலில் தேர்மணி ஓசை கேட்டுத் தலைவி உயிர்க்கிறாள். தேர் வருவது அவளுக்குச் செய்தி. தேர் வராதது அவளுக்கு நோய். அந்தத் தேரின் கடிவாளம் அவள் கையில் இருந்து நான் ஒரு பாடலும் படித்ததில்லை. கடல்வழிப் போகும்போது பெண்ணை உடன் கொண்டுசெல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் இலக்கணமே வகுத்துவிட்டது. உடன்போக்கில் அவள் நடக்கிறாள். அதுவும் ஒருவன் பின்னால். வாகனம் என்பது அவளிடம் வருவது, அல்லது அவளைவிட்டுப் போவது. இதைத்தான் அகம் என்றும் புறம் என்றும் நாம் அழகாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

பயிற்சி காலை ஆறு மணிக்கு, அழகர்கோவில் சாலையில். ஒரு வண்டியில் மூன்று பேர். ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து முறைக்குக் காத்திருக்க வேண்டும். என்னோடு வந்தவர்கள் ஒரு வங்கி ஊழியரான பெண்ணும் பத்தொன்பது வயதுக் கல்லூரிப் பையனும். பயிற்சியாளர் ஐம்பதைக் கடந்தவர், நல்ல மனிதர், கோபப்படத் தெரியாதவர். வலமிருந்து இடமாக ஏ, பி, சி என்று கற்றுக்கொடுத்தார்: ஆக்சிலரேட்டர், பிரேக், கிளட்ச்.

பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்ததால் ஒரே ஆசிரியரின் இரண்டு பாடத்திட்டங்களை நான் கேட்க நேர்ந்தது. எங்கள் இருவருக்கும் அவர் சொன்னவை: "மெதுவா போங்க மேடம்." "அவன் போகட்டும், நமக்கென்ன அவசரம்." "விட்டுக் கொடுத்துருங்க." பையனுக்குச் சொன்னவை: "உள்ள விடு தம்பி." "நீ நின்னா அவன் ஏறி வருவான்." "உன் ரைட்டு அது, ஹார்ன் அடி." வண்டி நின்றுபோனால் பையன் சாவியைத் திருகிக் கிளப்பினான். எங்கள் கையில் நின்றுபோனபோது நாங்கள் இருவரும் முதலில் "சாரி" சொன்னோம், பிறகு சாவியைத் தேடினோம். யாரிடம் மன்னிப்புக் கேட்டோம் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. பின்னால் நின்ற பேருந்துக்காரரிடமா, பயிற்சியாளரிடமா, வண்டியிடமா?

விட்டுக்கொடுப்பது நல்ல ஓட்டுதலின் முதல் பாடம் என்பதை மறுக்கவில்லை. அதைப் பெண்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பதில்தான் கோளாறு இருக்கிறது. பாதிப் பேருக்குப் பணிவையும் பாதிப் பேருக்கு உரிமையையும் கற்பித்துவிட்டு இருவரையும் ஒரே சாலையில் இறக்கிவிடுகிறோம். அப்புறம் பெண்கள் தயங்கித் தயங்கி ஓட்டுகிறார்கள் என்று சிரிக்கிறோம். அந்தத் தயக்கத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. கட்டணம் கட்டி நானே படித்தேன்.

பயிற்சி வண்டியில் ஆசிரியர் பக்கமும் கிளட்ச்சும் பிரேக்கும் இருக்கும். டபுள் கண்ட்ரோல் என்பார்கள். சட்டப்படி இருக்க வேண்டியது, உயிர் காப்பது. முதல் நாள்களில் அந்த இரண்டாவது பிரேக் எனக்குத் தெய்வத்துணையாகத் தெரிந்தது. பத்தாம் நாளில்தான் ஒன்று உறைத்தது. பாதிக் கிளட்ச்சில் வண்டி மெல்ல நடுங்கிப் புறப்படும் அந்தப் புள்ளியை என் பாதம் ஒருமுறைகூட உணர்ந்ததில்லை. நான் தவறுவதற்கு முன்பே அவர் கால் அழுத்தியிருக்கும். நான் ஓட்டியதாக நினைத்த பல கிலோமீட்டர்கள் அவர் ஓட்டியவை. என் கையில் இருந்தது ஸ்டியரிங் மட்டும்.

ஊராட்சி நாற்காலிகளை நினைத்துக்கொண்டேன். தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டத் திருத்தம் வந்தது. பலகையில் அவள் பெயர், பக்கத்து நாற்காலியில் அவள் கணவர். பத்திரம் அவள் பெயரில், விற்பனைப் பேச்சு மைத்துனர் வாயில். சம்பளக் கணக்கு அவளுடையது, ஏடிஎம் அட்டை அவர் சட்டைப்பையில். தடுக்கிறார்கள் என்றால் எதிர்த்துப் பேசலாம். உதவிதானே செய்கிறார்கள்? விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே அவள் பாதம் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

சாலைத் தேர்வுக்கு வருகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 15ஆம் விதி தேர்வில் எவற்றைச் செய்துகாட்ட வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்வதிலிருந்து, பாதுகாப்பாகப் புறப்படுவது, முந்துவது, பின்னோக்கிச் செலுத்துவது வரை. ஒருமுறை முழுவதும் வாசித்தேன். ஓட்டுபவர் ஆணா பெண்ணா என்ற பேச்சே இல்லாத அந்தப் பட்டியலின் நடுநிலை எனக்குப் பிடித்திருந்தது. நான் வழக்கமாகப் படிக்கும் இலக்கணங்களில் அந்த நடுநிலை குறைவு.

தேர்வுநாள் காலையில் பயிற்சியாளர் சொன்னார்: "டென்ஷனே வேண்டாம் மேடம். நீங்க ஸ்டியரிங் மட்டும் பிடிங்க. கிளட்ச்ச நான் பாத்துக்கறேன்."

நான் மறுத்தேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். மறுக்கவில்லை. வெயிலில் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். கல்லூரியில் அரைநாள் விடுப்புதான் எடுத்திருந்தேன். தோற்றால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்ற பயம் இருந்தது. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் நடுங்காத முழங்கால் அன்று நடுங்கியது. ஆய்வாளர் வெளியே நின்று பார்த்தார். வண்டி வெண்ணெயில் கத்தி போல முன்னே போனது, பின்னே வந்தது. கையெழுத்து விழுந்தது. "லேடீஸ்ல இவ்ளோ ஸ்மூத்தா ரிவர்ஸ் எடுத்தவங்க கம்மி" என்று யாரோ சொன்னார்கள். நான் நன்றி சொன்னேன்.

பயிற்சியாளரைக் குறைசொல்லி முடித்துவிட முடியாது. எத்தனை பேர் தேறினார்கள் என்பதில் அவர் பிழைப்பு இருக்கிறது. அவர் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். இரட்டைக் கட்டுப்பாடு இரண்டு பேர் சம்மதத்தில்தான் ஓடுகிறது. பெண்ணிய விமர்சனம் இந்த இரண்டாவது சம்மதத்தைப் பற்றிப் பேசக் கூசுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கூச வேண்டியதில்லை. அடுத்தவர் காலில் தேர்ச்சி பெறுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்தின் பெயரைச் சொல்லாமல் அதைவிட்டு இறங்க முடியாது.

உரிமம் தபாலில் வந்தது. அட்டையில் என் பெயருக்குக் கீழே நான் இன்னாரின் மகளா, மனைவியா என்ற வரி. ஆண்களுடைய அட்டையில் இன்னாரின் மகன் என்று இருக்கும்; இன்னாளின் கணவன் என்று எவனையும் அது அறிமுகப்படுத்தியதில்லை. அந்த அட்டையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் காரைத் தனியாக எடுத்தேன். கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழுந்தது. வண்டி நான்கு முறை நின்றுபோனது. இடப்பக்கம் யாரும் இல்லை, அங்கே பெடலும் இல்லை. பின்னால் ஹார்ன்கள். அங்கேதான், பச்சை இரண்டு முறை வந்து போன அந்த இடத்தில்தான், என் இடது பாதம் முதன்முதலாகக் கிளட்ச்சைக் கேட்டது. வண்டியின் மூக்கு லேசாக எழும்பி, ஒரு நடுக்கம் வந்து, பிடித்துக்கொண்டது. என் சாலைத் தேர்வு அதுதான். கையெழுத்துப் போட ஆய்வாளர் இல்லை.

இதற்குப் பிறகு பழைய நூல்களுக்கு வேறு கண்ணோடு திரும்பினேன். ஓட்டுகிற பெண்ணே இல்லையா என்று தேடினேன். இருந்தாள். நான் பலமுறை கடந்து வந்த பக்கத்தில் இருந்தாள்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் உமணர்களின் உப்பு வண்டிகள் வரிசையாகப் போகின்றன. கோழிக்கூடு வைத்த வண்டி. தொங்கும் உரல். முகப்பில் காடிப்பானை. அங்கே உட்கார்ந்து குழந்தையோடு இருக்கிற பெண்ணொருத்தி காளைகளை அடித்து ஓட்டுகிறாள். ஆண்கள் வண்டியின் பக்கவாட்டில் காவலாக நடந்து வருகிறார்கள். புலவர் அவளை வியக்கவில்லை, பழிக்கவுமில்லை. வண்டி போகிறது, அவள் ஓட்டுகிறாள், அவ்வளவுதான். அவளுக்குப் பெயரில்லை. நாங்கள் படித்த வகுப்புகளில் அவளுக்கு மதிப்பெண்ணும் இல்லை. உமணர் வாழ்க்கை என்ற குறுந்தலைப்புக்குள் ஒரு வரியாகப் போய்விடுவாள்.

அப்படியானால் சங்க இலக்கியத்தில் பெண் ஓட்டவில்லை என்று நான் மேலே எழுதியதைத் திருத்த வேண்டும். தலைவி ஓட்டவில்லை. உப்பு விற்றவள் ஓட்டினாள். தலைவி என்பவள் ஓட்டாதவள் என்பதே அவள் உயர்வின் அடையாளமாக வைக்கப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் பல்லக்கும் திரைபோட்ட கூண்டு வண்டியும் செய்தது இதைத்தான். யார் யாரைச் சுமப்பது, யார் எந்தத் தெருவில் எதில் ஏறிப்போவது என்பதெல்லாம் சாதியின் கணக்கு. ஒடுக்கப்பட்டவர்கள் ஆதிக்கச் சாதித் தெருவில் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற கட்டளையை இந்த மண்ணின் ஊர்கள் பார்த்திருக்கின்றன. ஆகவே "பெண்கள் எப்போது ஓட்டத் தொடங்கினார்கள்" என்ற கேள்வியே என்னைப் போன்ற வீடுகளிலிருந்து வருகிறது. எந்தப் பெண்கள் ஓட்டுவதை நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்பதே நேர்மை.

நான் நிறுத்திய ஆண்டு எனக்குத் தெரியும். 1992. பெரியவளானதும் என் சைக்கிள் தம்பிக்குப் போனது. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. இருக்கையை இரண்டு அங்குலம் உயர்த்திக் கொடுத்தார் அப்பா, சைக்கிள் அவனுடையதாகிவிட்டது. அதே காலத்தில் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ஓட்டினார்கள். அதை நேரில் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், அங்கே பல பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பியதைப் பதிவு செய்திருக்கிறார். முன்னால் ஒரு கம்பி கூடுதலாக இருக்கும். அதில் குழந்தையை உட்கார வைக்கலாம். காடிப்பானைக்குப் பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்து காளை ஓட்டியவளுக்கும் இவர்களுக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு. கணக்கு ஒன்றுதான்: குழந்தையை எங்கே வைப்பது, சுமையை எங்கே கட்டுவது. 1993இல் குமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஓட்டுநராகப் பணியில் சேர்ந்தார். எனக்கு அப்போது பதினான்கு வயது, சைக்கிள் இல்லை.

கார் என்பது விடுதலையின் சின்னம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது என் ஊதியத்தின் சின்னம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாமல் போகும் பெண்கள் இந்த மாநிலத்தின் சாலைகளை என்னைவிட அதிகம் மாற்றியிருக்கிறார்கள். 2018இல் மானிய விலையில் வந்த இருசக்கர வண்டிகளும் அப்படியே. ஆனால் பேருந்து நிற்கும் நேரம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகான இரவு யாருடையது என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

கடைசியாக ஔவையார். புறநானூற்றின் 87ஆம் பாடலில் அதியமானைத் தேர்ச்சக்கரத்துக்கு ஒப்பிட்டவர். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் என்கிறார். பட்டறையில் நின்று பார்த்த கண் அது. 102ஆம் பாடல் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றியது. காளைகளோ இளையவை, வண்டியிலோ பாரம் மிகுதி, பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, போகிற வழியில் என்ன நேருமென்று யாருக்குத் தெரியும் என்று எண்ணி உமணர்கள் வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டி வைப்பார்கள். அந்த அச்சுப் போன்றவன் நீ என்கிறார் ஔவை. உரைகள் இதை மன்னனின் துணைவலிமைக்கு உவமையாகப் பார்க்கின்றன. நான் இப்போது அதில் ஸ்டெப்னியைப் பார்க்கிறேன். வழியில் உடையும் என்று தெரிந்து புறப்படுகிறவர்களின் அறிவு அது. மாசாத்தியாரின் தலைவன் வழியே தெரியாமல் வந்துசேர்ந்தவன். அவனுக்குச் சேம அச்சைப் பற்றிய கவலை இல்லை. அந்தக் கவலை வலவனுக்கு இருந்திருக்கும். ஔவை வலவன் பக்கம் நிற்கிற கவி.

பயிற்சியின் கடைசி நாளில் சக்கரம் மாற்றக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு மேடம், போன் போட்டா ஆள் வருவாங்க" என்றார் பயிற்சியாளர். பையனுக்கு ஜாக்கி போடுவதைக் காட்டினார். நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டேன்.

சென்ற ஆண்டு மேலூரில் ஒரு நூல் வெளியீட்டில் பேசிவிட்டு இரவு ஒன்பதரை மணிக்குத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்சக்கரம் இறங்கியது. தேநீர்க் கடை வெளிச்சத்தில் வண்டியை ஓரங்கட்டினேன். வீட்டுக்குப் போன் செய்யலாம். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார். செய்யவில்லை. பின்கதவைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஜாக்கியை எடுத்தேன். தள்ளி நின்று பார்த்ததை நினைவுபடுத்திக்கொண்டேன்: வண்டியைத் தூக்கும் முன்பே நட்டுகளைத் தளர்த்த வேண்டும். கை வலுப் போதாமல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தேன். சேலை நுனியெல்லாம் கரி. நாற்பது நிமிடம் ஆனது. மாற்றி முடித்து வண்டியை இறக்கினேன். புதிதாகப் போட்ட சக்கரம் அப்படியே தரையோடு அமுங்கியது.

ஸ்டெப்னியில் காற்றில்லை. வண்டி வாங்கி ஆறு ஆண்டுகளில் ஒருவரும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை, ஓட்டத் தெரிந்தவர் உட்பட.

தேநீர்க் கடைக்காரர் சொல்லி, பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். பழைய சக்கரத்தை உருட்டிப்போய் ஒட்டிக்கொடுத்தார். "ஸ்டெப்னிக்கும் காத்து அடிச்சிருக்கேன்க்கா, மாசம் ஒருக்கா செக் பண்ணிக்கங்க" என்றார். வீட்டுக்கு வரும்போது பன்னிரண்டரை. வந்த வழி முழுவதும் எனக்குத் தெரிந்திருந்தது.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை பெட்ரோல் பங்கில் ஐந்து சக்கரங்களுக்கும் காற்றுப் பார்க்கிறேன். காற்றடிக்கும் பையன் நான்கை முடித்ததும் குழாயைச் சுருட்டப் போவான். நான் பின்கதவைத் திறந்துவிட்டு, "இன்னும் ஒண்ணு இருக்கு தம்பி" என்பேன்.